எட்டாத உயரத்தில் வெண்கலயங்கள்

'கோபுர தரிசனம் கோடி புண்ணியம்' என்பர் பெரியோர். வீதியில் நின்றபடியே நாம் அண்ணாந்து கைகூப்புகிறோம். மேல்நிலையில் நிற்கும் துவாரபாலகரின் விரல் நகத்தை நம்மில் எத்தனை பேர் கண்டிருப்போம்? ஆயினும், திருப்பணிக் காலத்தில் சாரத்தின் மீது ஏறிப் பார்த்தவர்கள் அந்த நகமும் பழுதின்றி வடிக்கப்பட்டிருக்கிறது என்பார்கள்.

இந்த நினைவு எனக்கு எழுந்த இடம் ஆலயமன்று. லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம். மகனின் இல்லத்துக்குச் சென்றிருந்தபோது நானும் என் மனைவியும் ஒரு நாள் அங்கே போயிருந்தோம். நுழைவு மண்டபத்தில் நின்று மேலே நோக்கினால் கூரையில் ஒரு வட்டத் திறப்பு. அதற்கும் மேலே, குவிமாடத்தைச் சுற்றிச் செந்நிற வளையம் ஒன்று. அதன்மீது வெண்புள்ளிகளாக ஏதோ ஒரு வரிசை.

"இவ்வளவு உயரத்தில் வைத்தால் யாருக்கு என்ன தெரியும்?" என்றாள் மனைவி.

அவை 425 பீங்கான் கலங்கள். அவற்றை வனைந்தவர் எட்மண்ட் டி வால் என்னும் ஆங்கிலேயக் கலைஞர். அங்குள்ள பீங்கான் காட்சிக்கூடங்கள் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்ட 2009ஆம் ஆண்டில் இவை இடம்பெற்றன. படியேறி மேல்தளத்துக்குச் சென்றாலும் அவை நம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன. எந்தக் கலத்தின் உட்புறத்தையும் காண இயலாது.

டி வால் 1964ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை கிறிஸ்தவத் திருச்சபையின் குருவானவர். பிற்காலத்தில் கான்டர்பரி பேராலயத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தவர். ஐந்து வயதில் தந்தையுடன் மாலை வகுப்புக்குச் சென்று முதன்முதலாக மண்ணைத் தொட்டார் மகன். பின்னர் ஜெஃப்ரி வைட்டிங் என்னும் குயவரிடம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் படிப்பையும் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு ஆண்டுகள் மாணாக்கராக இருந்தார். பட்டம் பெற்றபின் நாட்டுப்புறத்தில் சூளை அமைத்து, எளியோர் வாங்கத்தக்க விலையில் மண்ணிறப் பாத்திரங்கள் செய்தார். அம்முயற்சி கைகூடவில்லை. 1988இல் ஷெஃபீல்ட் நகருக்குக் குடிபெயர்ந்து, பீங்கானைக் கைக்கொண்டார்.

பீங்கான் எளிதில் வசப்படும் பொருளன்று. கயோலின் என்னும் வெண்களிமண்ணும், பொடித்த ஒருவகை வெண்பாறையும் சேர்ந்து பிறப்பது அது. முன்னதை எலும்பு என்றும் பின்னதைத் தசை என்றும் சீனத்துக் குயவர்கள் வழங்கினர். சூளையில் ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வேகும்போது கலம் சுருங்கி இறுகும். மெல்லியதாக வனைந்திருந்தால் ஒளி ஊடுருவும்.

இந்த மண்ணுக்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு. அதற்கு நினைவாற்றல் இருக்கிறது என்று குயவர்கள் சொல்வார்கள். சக்கரத்தில் சுழலும்போது விரல் சற்றே தவறி விளிம்பு கோணினால், உடனே நேர்செய்துவிடலாம். பார்ப்பவர் எவரும் அறியார். ஆனால், சூளைக்குள் நெருப்பின் நடுவே அந்தக் கோணல் மீண்டும் தலைகாட்டிவிடும். மனிதர் காணாத தவற்றை அக்கினி கண்டுவிடுகிறது!

ஆகவே, எவரும் அருகிருந்து பார்க்கப்போவதில்லை என்பதற்காக அந்த 425 கலங்களில் ஒன்றைக்கூட மனம்போனபடி வனைந்துவிட முடியாது. சக்கரத்தின் முன் அமர்ந்து, மண்ணை நடுவில் நிறுத்தி, மூச்சை அடக்கி, மீண்டும் அதே வடிவம், மீண்டும் அதே வடிவம். உருவேற்றும் ஜபத்துக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

வங்கியில் நான் பணியாற்றிய காலத்தில், அந்தியில் பேரேட்டைச் சரிபார்க்கும்போது சில காசுகள் வித்தியாசம் வந்தாலும் இரவு வெகுநேரம் அமர்ந்து தேடுவோம். கண்டுபிடித்துவிட்டால் மறுநாள் காலை வரும் வாடிக்கையாளருக்கு அப்படியொரு தேடல் நடந்ததே தெரியாது. ஓய்வு பெற்றபின், 'அத்தனை இரவுகளும் யாருக்காக?' என்ற கேள்வி என்னைச் சிலகாலம் வாட்டியதுண்டு.

அந்த மண்டபத்தில் மனைவிக்கு நான் சொன்ன விடை எனக்கும் சேர்த்துத்தான்.

"நம் ஊர்க் கோபுரத்தின் மேல்நிலைப் பொம்மையை யார் பார்க்கிறார்கள்?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மீண்டும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பழக்கத்தினாலோ என்னவோ, கைகள் தாமாகக் குவிந்தன.