அறிவியல் பாடத் தேவை (பொதுக் கல்வி)

அறிவியல் பாடத் தேவை என்பது, எத்துறை மாணவரும் இளநிலைப் பட்டம் பெறச் சில அறிவியல் பாடங்களை முடித்திருக்க வேண்டும் என்னும் விதியாகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் பொதுக் கல்வித் திட்டத்தில் இவ்விதி உள்ளது.

சிக்கல்

இலக்கியமோ வரலாறோ பயிலும் மாணவருக்கு எத்தகைய அறிவியலைக் கற்பிப்பது என்பதே இதன் முதன்மைக் கேள்வியாகும். இயற்பியல், வேதியியல் துறைகளின் அறிமுகப் பாடங்கள் மேற்படிப்புக்கு அடித்தளம் இடுபவை. அத்துடன் அறிவியலை நிறுத்திக்கொள்பவருக்கு, அறிவியல் எவ்வாறு இயங்குகிறது என்பதை அவை போதிய அளவு உணர்த்துவதில்லை.

ஹார்வர்டு முயற்சி

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று 1945ஆம் ஆண்டில் வெளியிட்ட பொதுக் கல்வி அறிக்கை இக்குறையைச் சுட்டிக்காட்டியது. அப்போதைய பல்கலைக்கழகத் தலைவரும் வேதியியலாளருமான ஜேம்ஸ் கோனன்ட், அறிவியல் துறை சாராத மாணவருக்கென ஒரு பாடத்தை உருவாக்கினார். ராபர்ட் பாயிலின் காற்றழுத்தச் சோதனைகள் போன்ற வரலாற்று நிகழ்வுகள் வழியாக அறிவியலின் வழிமுறையை விளக்குவது அவரது அணுகுமுறையாகும்.

தாக்கம்

இப்பாடத்துக்காக 1947இல் அரிஸ்டாட்டிலின் இயக்கவியலைப் படித்த இயற்பியல் ஆய்வு மாணவர் தாமஸ் கூன், பழைய அறிவியலை வெறும் பிழைகளின் தொகுப்பாகக் கருத இயலாது என்பதை உணர்ந்தார். அச்சிந்தனையின் தொடர்ச்சியாக அவர் எழுதிய 'அறிவியல் புரட்சிகளின் கட்டமைப்பு' என்னும் நூல் 1962இல் வெளிவந்தது. அந்நூலை அவர் கோனன்ட்டுக்குக் காணிக்கையாக்கினார்.