அளவுகோல் ஆலை வாசலில் இருக்கட்டும்

இறப்பர் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இறப்பர். மீதி நீரும் அதில் கரைந்த புரதமும் சர்க்கரையும்தான். கேகாலை மாவட்டத்தின் யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட பக்கத்துத் தோட்ட ஆலைகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தொட்டியில் போமிக் அமிலம் விட்டதும் பால் வெள்ளைக் கட்டியாகத் திரளும். புளித்த வாடையுடன் கலங்கல் நீர் பிரிந்து நிற்கும். கட்டியை உருளைகளில் கொடுத்துக் கிரேப் தாளாக்கும்போது மேலே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். அவ்வளவும் கழிவுநீர்.

அதை அப்படியே ஓடையில் விட்டால், அந்தச் சத்தைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சிவிடும். மீன் சாகும், நாற்றம் கிளம்பும். இந்தப் பாதிப்பை அளக்கும் கணக்குதான் உயிரிரசாயன ஒட்சிசன் தேவை. ஆறு, ஓடைகளில் விடும் பொதுவான தொழிற்சாலைக் கழிவுநீரில் இது லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கின்றன 2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள். இறப்பர் ஆலைகளுக்குத் தனி வரம்புகள் உண்டு.

மலைச்சரிவில் தனித்து நிற்கும் தோட்ட ஆலை தன் கழிவைத் தானே சுத்திகரிக்க வேண்டும். சப்ரகமுவ எல்லையை ஒட்டிய அவிசாவளையில், முதலீட்டுச் சபையின் சீதாவக்கை வலயத்தில் ஏற்பாடு வேறு: பல ஆலைகளுக்கும் ஒரே பொதுச் சுத்திகரிப்பு நிலையம். இத்தகைய வலயங்களில் ஆலைகள் பொதுக் குழாயில் விடும் நீரில் இந்த ஒட்சிசன் தேவைக்கான வரம்பு லீற்றருக்கு 200 மில்லிகிராம். எஞ்சியதைக் குறைப்பது நிலையத்தின் வேலை.

அப்படியானால் எதையும் அனுப்பிவிடலாமா? கூடாது. நிலையத்தில் வேலை செய்வதும் நுண்ணுயிர்களே. கடும் அமிலமோ, அளவு மீறிய அமோனியாவோ, உலோகமோ வந்தால் அவை மடியும். ஓர் ஆலை செய்த தவறால் எல்லா ஆலைகளின் கழிவும் அரைகுறையாகவே வெளியேறும். போய்ச் சேருவது களனி கங்கையில். கீழே அம்பத்தலையில்தான் கொழும்புக்கான குடிநீர் எடுக்கப்படுகிறது.

மக்கள் நம்பிக்கை இழந்தால் என்ன நடக்கும் என்பதை வெலிவேரிய காட்டியது. ஒரு தொழிற்சாலையின் கழிவு கிணறுகளைக் கெடுத்துவிட்டதென்று 2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி வீதியில் இறங்கிய மக்கள்மீது இராணுவம் சுட்டதில் மூவர் உயிரிழந்தனர்.

சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இல்லாமல் இத்தகைய ஆலைகள் இயங்க முடியாது. ஆனால் உரிமம் கோப்பில் இருந்தால் போதாது. கழிவுநீர்ப் பரிசோதனை முடிவுகளை ஆலை வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டி வைக்க வேண்டும். ஓடைத் தண்ணீரை நம்பி வாழும் லயத்துக் குடும்பங்கள் அதைக் கேட்டுப் பெறவேண்டும்.