3 பவுன் செயின் தப்பியது! புத்தகம் போட ஆசைப்பட்ட பனியன் டெய்லர் தெரிந்து கொண்ட கணக்கு

திருப்பூர்:

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக வேலை பார்க்கும் 43 வயது தொழிலாளி ஒருவர், 4 நோட்டு நிறைய ஒரு நாவல் எழுதி வைத்திருக்கிறார். பிழைப்பு தேடி திருப்பூர் வந்த ஒரு குடும்பத்தின் கதை. ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதியது. முடிக்க 6 வருஷம் ஆனது.

அதை புத்தகமாக போட வழி தெரியாமல் அலைந்தவர், மனைவியின் 3 பவுன் செயினை அடகு வைக்கும் அளவுக்கு போய் விட்டார்.

படிக்காமலே பிரமாதம்

செல்போனில் வந்த விளம்பரத்தை பார்த்து ஒரு பதிப்பகத்துக்கு போன் செய்திருக்கிறார். மறுநாளே பதில் வந்தது. "நாவல் பிரமாதம். 300 பிரதி போடலாம். 48 ஆயிரம் ரூபாய் அனுப்புங்க" என்றார்கள்.

"ஒரு பக்கம் கூட அவங்களுக்கு நீங்க அனுப்பலையே, எப்படி பிரமாதம்னு சொன்னாங்க?" என்று மனைவி கேட்ட பிறகுதான் இவருக்கு உறைத்தது.

அந்த பில்லை எடுத்துக்கொண்டு, பனியன் கம்பெனிகளுக்கு டேக் அடித்து கொடுக்கும் ஆப்செட் பிரஸ்சில் இருக்கும் பெரியவரிடம் போனார். அவர் முன்பு புத்தகம் அடித்து பழகியவர். பில்லில் 2 இடத்தில் பேனாவால் சுழித்தார்.

ஒன்று, ஐ.எஸ்.பி.என். நம்பருக்கு 3 ஆயிரம். புத்தகத்தின் பின் அட்டையில் பார்கோடோடு இருக்கும் 13 இலக்க நம்பர் இது. இந்தியாவில் இதை மத்திய அரசின் ராஜாராம் மோகன்ராய் ஏஜென்சி இலவசமாகவே தருகிறது. பதிப்பகம்தான் வாங்க வேண்டும் என்று இல்லை. சொந்தமாக புத்தகம் போடுகிறவரும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று, காப்பிரைட் பதிவுக்கு 5 ஆயிரம். கதை, கவிதைக்கு அரசு கட்டணம் 500 ரூபாய்தான். அதையும் பதிந்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எழுதி முடித்த உடனே உரிமை எழுதியவருக்கு வந்து விடுகிறது. அவர் ஆயுள் முழுக்க இருந்து, இறந்த பிறகும் 60 வருஷம் வாரிசுக்கு இருக்கும்.

பாரம் கணக்கு

அச்சு செலவை பக்கத்தில் கணக்கு போட மாட்டார்கள், பாரத்தில்தான் போடுவார்கள். டெம்மி சைஸ் புத்தகத்தில் 16 பக்கம் ஒரு பாரம். 160 பக்கம் என்றால் 10 பாரம். 163 பக்கம் ஆகி விட்டால் கூடுதல் பேப்பர் போகும், பாதி பக்கம் வெள்ளையாக கிடக்கும். அதனால் எழுத்து சைசை கொஞ்சம் குறைத்து 160-க்குள் அடக்கி விடுவது வழக்கம்.

ஆப்செட்டில் பிளேட் போடும் செலவு 100 பிரதிக்கும் அதேதான், 1,000 பிரதிக்கும் அதேதான். நிறைய அடித்தால் ஒரு புத்தகத்துக்கு ஆகும் செலவு குறையும். "அப்போ ஆயிரமே அடிச்சிடலாமே" என்று கேட்டாராம் டெய்லர். "ஆர்டர் இல்லாம தைச்ச பனியன் எங்கே கிடக்கும்?" என்று பெரியவர் திருப்பி கேட்டார். குடோனில்தான். விற்காத புத்தகம் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். அதோடு கடைகளுக்கு 30, 40 சதவீதம் கழிவு கொடுக்க வேண்டும். 200 ரூபாய் புத்தகம் விற்றால் கைக்கு வருவது 120, 140 ரூபாய்தான்.

இப்போது டிஜிட்டல் மெஷினில் 50 பிரதி கூட அடிக்கலாம். விலை கூடுதல் என்றாலும் நகை தப்பும்.

ஒப்பந்தம் உஷார்

நல்ல பதிப்பகம் என்றால் கதையை படித்து பார்த்து, பிடித்தால் தன் காசில் போடும். எழுதியவருக்கு ராயல்டி தரும். வழக்கமாக விலையில் 10 சதவீதம். 150 ரூபாய் புத்தகத்துக்கு 15 ரூபாய். ஆயிரம் விற்றால் 15 ஆயிரம். பெரிய தொகை இல்லை. ஆனால் எழுதியவர் கையில் இருந்து போவதும் ஒன்றும் இல்லை.

உரிமையை எழுதி கொடுப்பதாக இருந்தால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வெறும் வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை வருஷம் என்று போடாவிட்டால் 5 வருஷம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். "சகல உரிமைகளும்" என்ற வரி இருந்தால் பேனாவை கீழே வைத்து விட்டு யோசிக்க வேண்டும். சினிமா உரிமையும் அதற்குள் போய் விடலாம்.

சினிமா எங்கே வரப்போகிறது என்று நினைக்க வேண்டாம். கோவை ஆட்டோ டிரைவர் மு.சந்திரகுமார், குண்டூர் போலீசில் தான் பட்ட அடியை 'லாக்கப்' என்று புத்தகமாக எழுதினார். அதைத்தான் டைரக்டர் வெற்றிமாறன் 'விசாரணை' படமாக எடுத்தார். 2015-ல் வெனிஸ் பட விழா வரை போனது.

சொந்தமாக போடுகிறவர்களுக்கு ஒரு வேலை உண்டு. புத்தகம் வந்த 30 நாளில் சென்னை கன்னிமாரா நூலகம், கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை, டெல்லி என்று 4 இடத்துக்கு ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். 1954-ம் ஆண்டு சட்டம் அது. பலருக்கு தெரியாது. வருமானம் குறைந்தவர்கள் நூல் வெளியிட தமிழ் வளர்ச்சித்துறை நிதியுதவி தரும் திட்டமும் இருக்கிறது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். லைப்ரரி ஆர்டர் நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எந்த புத்தகத்தை வாங்குவது என்பது நூலகத்துறை முடிவு, பதிப்பகத்தின் முடிவு இல்லை.

டெய்லர் இப்போது செல்போனிலேயே யூனிகோடில் டைப் அடிக்க கற்றுக்கொண்டிருக்கிறார். புத்தக திருவிழாவில் நாவல் போடும் பதிப்பகங்களின் ஸ்டாலாக பார்த்து, 3 பேரிடம் முதல் 2 அத்தியாயத்தை ஜெராக்ஸ் எடுத்து கொடுத்து விட்டு வந்தார். நோட்டு வீட்டிலேயே பத்திரமாக இருக்கிறது.

ஒரு பதிப்பகம் வேண்டாம் என்று சொல்லி விட்டது. இன்னொன்று, முழுசையும் அனுப்பச் சொல்லி இருக்கிறது. மூன்றாவது இடத்தில் இருந்து பதில் இல்லை. 4 நோட்டில் ஒன்றரை நோட்டு டைப் முடிந்திருக்கிறது.

செயின் வீட்டு பீரோவில் இருக்கிறது.