அரை ஹெக்டேருக்குள் ஆறாயிரம் இனங்கள்

விடிவதற்குச் சற்று முன், காற்று அசையாத நேரம். பனாமா காட்டில் ஒரு மரத்தின் உச்சிக்குப் பூச்சிமருந்துப் புகை ஏறுகிறது. கீழே வைத்த ஏந்திகளில் வண்டுகள் பொலபொலவென்று உதிர்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் டெரி எர்வின் 1970களில் இப்படி ஒரே வகையைச் சேர்ந்த 19 மரங்களுக்குப் புகை போட்டார். வண்டில் மட்டுமே ஏறத்தாழ 1,200 இனங்கள் கிடைத்தன. அதை வைத்து, வெப்பமண்டலக் காடுகளில் 3 கோடிக் கணுக்காலி இனங்கள் இருக்கலாம் என்று 1982இல் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அந்தக் கணக்கைப் பெரிதும் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் மர உச்சியை அண்ணாந்து பார்க்க வைத்தது அந்தப் புகைதான்.

புகைக்கு எல்லாம் சிக்கிவிடாது. கட்டைக்குள் துளைத்து வாழ்பவை, சருகுக்கடியில் கிடப்பவை, இரவில் பறப்பவை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறி வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது மலேஸ் பொறி. ஸ்வீடன்காரர் ரெனே மலேஸ், தன் கூடாரத்துக்குள் நுழைந்த பூச்சிகள் மேல் மூலையில் போய் முட்டி வழி தேடுவதைக் கவனித்தார். அந்த மூலையிலேயே ஒரு குப்பியை வைத்தால் என்ன? மெல்லிய வலைத்துணிக் கூடாரம், உச்சியில் சாராயக் குப்பி, அவ்வளவுதான் பொறி. சருகுக்கு வேறு வழி. சலித்து வலைப்பையில் இட்டு, துணி உறைக்குள் தொங்கவிடுவார்கள். சருகு காயக் காய எறும்பும் குட்டி வண்டும் கீழே இறங்கிக் குப்பிக்குள் விழும்.

2003, 2004ஆம் ஆண்டுகளில் பனாமாவின் சான் லொரென்சோ காட்டில் இந்தப் பொறிகளையெல்லாம் ஒருசேர வைத்தார்கள். கிரேன், கயிறு, பலூன் கொண்டு உச்சிக் கிளைகளையும் எட்டினார்கள். தேடிய நிலம் மொத்தம் 0.48 ஹெக்டேர். சேர்ந்தவை 1,29,494 உயிர்கள், 6,144 இனங்கள். சுற்றியுள்ள 6,000 ஹெக்டேரில் சுமார் 25,000 கணுக்காலி இனங்கள் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அங்குள்ள ஒவ்வொரு பாலூட்டி இனத்துக்கும் 300க்கு மேல்! அந்த 25,000 இனங்களில் பாதிக்கு மேல் ஒரே ஹெக்டேரில் தென்படலாம் என்றும் தெரிந்தது. ஒரு ஹெக்டேரை விட்டுவைத்தால் போதும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. காணப்படுவது வேறு, அந்தத் துண்டுக்குள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்திருப்பது வேறு.

பிடிப்பது எளிது, பிரிப்பதுதான் பாடு. சான் லொரென்சோவின் முடிவுகள் 2012இல்தான் வெளிவந்தன. நூறு பேருக்கு மேல் உழைத்தும் எட்டு ஆண்டுகள். மரம் வெட்டும் இயந்திரம் இந்த வேகத்தில் நகர்வதில்லை. அதனால்தான் ஊசியில் குத்திய ஒவ்வொரு வண்டின் அடியிலும் ஒரு சின்னஞ்சிறு சீட்டைச் செருகி வைக்கிறார்கள். இடம், நாள், எந்தப் பொறி, தரையிலிருந்து எத்தனை மீட்டர். பெயர் எழுத வேண்டிய வரி பல சீட்டுகளில் இன்னும் காலியாகவே இருக்கிறது.