நீலத்துக்கு நம்பர் 34

கொடுங்கையூர் முத்தமிழ் நகரில் பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரிக்குப் போனதும், பள்ளியில் வாங்கிய அரசு மடிக்கணினி அவள் தம்பி கைக்கு வந்தது. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் ஆரம்பகாலக் கணினிகளில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸை வைத்து சி-டாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கியது அது. பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இவன் பார்த்தான். கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்து, ஃபோல்டர்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையைத் தட்டியிருக்கிறான். கறுப்புத் திரையில் நீல எழுத்து, மத்தியான வெயில் வேறு. “அண்ணே, ஃபோல்டர் பேரே தெரிலண்ணே” என்று கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

குற்றம் அவன் கண்ணில் இல்லை. கறுப்பின் மேல் நீலம் எடுபடாது என்று உணர்ந்து மைக்ரோசாஃப்டே 2017-ல் தன் கட்டளைத் திரையின் நீலத்தை 0-0-128 என்ற அளவிலிருந்து 0-55-218 ஆக மாற்றியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘எல்எஸ்’ திரைக்கு நிறத்தை அனுப்புவதே இல்லை, நம்பரைத்தான் அனுப்புகிறது. எஸ்கேப் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து, ஒரு சதுர அடைப்பு, 34, கடைசியில் ‘எம்’. 30 கறுப்பு, 31 சிவப்பு, 32 பச்சை என்று 37 வரை எட்டு நிறம். பின்னணிக்கு 40 முதல் 47. பெயின்ட் கடைக்குச் சீட்டு எழுதி அனுப்புவது மாதிரிதான். 34-க்கு எந்த நீலத்தைக் கலப்பது என்பது கடைக்காரர் பாடு. இங்கே கடைக்காரர் டெர்மினல்.

ஆகவே அமைப்புகளுக்குள் போய், ப்ரொஃபைலில் இரண்டு வரிசை நிறக் கட்டங்களில் மேல்வரிசை நீலத்தை வெளுப்பாக்கினோம். ஒன்றும் அசையவில்லை! கால் மணி நேரம் முழித்தபிறகுதான் உறைத்தது: ஃபோல்டர் பெயர்கள் தடித்த எழுத்தில் வருகின்றன. தடித்த எழுத்துக்கு இரண்டாம் வரிசையின் பளிச் நிறத்தை எடுப்பது பழைய டெர்மினல்களின் வழக்கம். அதனால்தான் எட்டு நிறத்துக்குப் பதினாறு கட்டங்கள். கீழ்வரிசை நீலத்தை மாற்றியதும் பெயர்கள் எழுந்து நின்றன.

பையனுக்குச் சினிமா ஹேக்கர் போலப் பச்சை எழுத்தும் வேண்டுமாம். அந்தப் பச்சை யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்ததல்ல. பழைய ஒற்றை நிறத் திரைகளில் கண்ணாடிக்குப் பின்னால் பூசிய பாஸ்பர் எந்த நிறத்தில் ஒளிருமோ அதுவே எழுத்தின் நிறம். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் ஒற்றை நிறத் திரையில் அது பச்சை. விண்டோஸில் ‘கலர் 0ஏ’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதே கோலம் வந்துவிடும்: முதல் குறி பின்னணி, அடுத்தது எழுத்து. இரண்டுக்கும் ஒரே குறியைக் கொடுத்தால் கட்டளை மறுத்துவிடும், புத்திசாலித்தனம்தான்.

வெயில் விழும் வீட்டில் கறுப்புப் பின்னணியே வேண்டாம் என்பது என் கட்சி. வெளிர் மஞ்சளில் கருஞ்சாம்பல் எழுத்தை வைத்துக் காட்டினேன். “தாத்தா டைரி மாதிரி இருக்குண்ணே” என்றான். சாயங்காலம் போய்ப் பார்த்தால் மறுபடி கறுப்பு, எழுத்து பச்சை. ஃபோல்டர்கள் மட்டும் நான் வைத்த வெளிர்நீலத்தில்.