மேலே சிவந்தால் உள்ளே வெந்ததாகுமா?

ஆரியங்கோடு, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துச் சமையலறைகளில் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் இப்போது ஏர் ஃப்ரையரும் இடம் பிடிக்கிறது. எண்ணெய் குறைகிறது, சரி. ஆனால் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வெளுத்து, நடுவில் வேகாமல் கிடக்கும் மீனால் உடம்புக்கு என்ன நன்மை?

காற்று போக வழி வேண்டும்

2010-இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த இந்தச் சாதனம் உண்மையில் ஒரு சின்ன அடுப்புப் பெட்டிதான். மேலே சூடேறும் கம்பிச்சுருள், அதற்கும் மேலே விசிறி. சூடான காற்று கூடையின் ஓட்டைகள் வழியாக அடிப்பக்கமும் சுற்றி வர வேண்டும். சட்டியில் எண்ணெய் தானாக நாலாபக்கமும் தொட்டுவிடும். காற்று இடைவெளி இருந்தால்தான் நுழையும். கழுவ மடி பிடித்துக் கூடை முழுக்கத் தாள் விரிப்பவர்கள் அந்த வழியைத் தாங்களே அடைத்துவிடுகிறார்கள்.

மீனும் கோழியும்

பொழியூர்ப் பக்கத்திலிருந்து வரும் சாளையைக் கழுவி, ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுங்கள். மசாலா கெட்டியாக இருக்கட்டும். தண்ணீராக இருந்தால் மீன் முறுகாது, அவியும். மேலே கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி, ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காக வையுங்கள். 180 டிகிரியில் பாதி நேரம் ஆனதும் திருப்பிப் போட வேண்டும். கம்பிச்சுருள் மேலே இருப்பதால் மேல்பக்கம்தான் முதலில் சிவக்கும். நெத்தோலியையும் தடித்த அயலைத் துண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று கரியாகும், மற்றது பச்சையாகவே இருக்கும். இரண்டு தடவையாகப் போடுவதே நல்லது.

கோழியில் இன்னும் கவனம் வேண்டும். மிளகாய்த்தூளின் சிவப்பு வெந்த நிறம்போல ஏமாற்றும். துண்டின் நடுவில் சூடு 74 டிகிரியைத் தொட்டால்தான் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அழியும். மீனுக்கு 63 டிகிரி போதும். இதை அளக்கும் குத்தூசி வெப்பமானி பெரிய விலையில்லை. ஃப்ரீசரில் இருந்த கோழியை ஐஸ் விடுவதற்கு முன் அப்படியே போட்டால் வெளியே வெந்து உள்ளே குளிர்ந்து கிடக்கும்.

கருகலைப் பற்றி

மாவுச்சத்துள்ள கிழங்குகளை 120 டிகிரிக்கு மேல் வறட்டுச் சூட்டில் சிவக்க விட்டால் அக்ரிலமைட் என்ற பொருள் உண்டாகிறது. உணவில் அது இருப்பதை 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். விலங்குகளில் அது புற்றுநோய் உண்டாக்குவது தெரிந்து, 1994-லேயே உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 'மனிதருக்கும் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' வரிசையில் சேர்த்திருந்தது. உணவு வழியாக மனிதருக்கு எவ்வளவு கேடு என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. பயந்து சாக வேண்டாம். பொன்னிறத்தில் நிறுத்தினால் போதும்.

மரச்சீனிக்குப் பானைதான் முதலில்

இந்த ஊருக்கு முக்கியமான எச்சரிக்கை இதுதான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்துப் பரப்பிய கிழங்கு மரச்சீனி. அதில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. அது சிதைந்தால் சயனைடு வெளிவரும். கசக்கும் கிழங்கில் இது அதிகம். நம் வீடுகளில் துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டுகிறோமே, விஷத்தில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. பச்சைக் கிழங்கை விரல் விரலாக நறுக்கி நேரே ஏர் ஃப்ரையரில் போட்டால் கரைந்து போக அங்கே தண்ணீர் இல்லை. எத்தனை சீராகச் சிவந்தாலும் அது பாதுகாப்பான பண்டம் ஆகாது.

ஆகவே தோலும் உள்நாரும் நீக்கி, ஒரே தடிமனில் நறுக்கி, மூடாமல் வேகவைத்து வடியுங்கள். ஆவி அடங்கி மேல் உலர்ந்ததும் ஒரு கரண்டி எண்ணெயில் பிசறி, 190 டிகிரியில் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் வையுங்கள். நடுவில் ஒன்றிரண்டு தடவை கூடையைக் குலுக்குங்கள். தொட்டுக்கொள்ள மீன்கறி இருந்தால் இன்னும் நல்லது: மிச்சம் இருக்கும் சயனைடை உடம்பு முறிக்க, மீனின் புரதத்திலுள்ள கந்தகச் சத்து உதவும்.

பழம்பொரிக்கு ஆகாது

நீர்த்த மாவில் முக்கிய பழத்தைக் கூடையில் வைத்தால் மாவு ஒழுகி ஓட்டையில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பழம்பொரிக்குச் சட்டியை விட்டால் வேறு வழியில்லை. அந்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். பொரித்த எண்ணெயில் சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் கடைகளுக்கு விதி வைத்திருக்கிறது. வீட்டில் அளக்கக் கருவி கிடையாது. நிறம் கறுத்து, நுரை அடங்காமல் நின்றால் கொட்டிவிடுங்கள்.