கண்ணாடிப் பேழைக்குள் ஒரு மழைக்காடு



மரக்காணத்து உப்பளங்களை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். எங்கள் பிரம்மதேசத்திலிருந்து கிழக்கே சென்றால், பாத்தி கட்டி நிறுத்திய உவர்நீரை வெயிலும் காற்றும் உறிஞ்சிவிட, அடியில் உப்புப் பூத்துக் கிடக்கும் காட்சி கண்ணைக் கூசச் செய்யும். அந்த வரப்பின்மீது ஒரு தவளையை நண்பகலில் விட்டால், அதன் உடலிலுள்ள நீருக்கும் ஏறக்குறைய அக்கதியே நேரும். நம் தோல் நீரைக் காக்கும் போர்வை. தவளையின் தோல் அத்தகையதன்று. திறந்த நீர்ப்பரப்பு எவ்வளவு விரைவாக வற்றுமோ, பெரும்பாலான தவளைகளும் ஏறக்குறைய அவ்வளவு விரைவாகத் தம் ஈரத்தை இழக்கின்றன. அவை வாயினால் நீர் அருந்துவதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோலினால் ஈரத்தரையிலிருந்து உறிஞ்சிக்கொள்கின்றன. மூச்சின் ஒரு பகுதியும் தோலின் வழியே நடைபெறுவதால், அது நனைந்தே இருத்தல் வேண்டும்.

கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம், "ஐயா, அம்புநஞ்சுத் தவளையை நம் ஊரில் வளர்க்க இயலுமா?" என்று வினவினார். மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளில் வாழும் சின்னஞ்சிறு தவளைகள் இவை. நீலமும் மஞ்சளும் செம்மையுமாக, தீட்டி வைத்தாற்போல் விளங்கும்; பல இனங்கள் கட்டைவிரல் நீளந்தான் இருக்கும். கொலம்பியாவின் எம்பரா மக்கள் ஒரு சில இனங்களின் நஞ்சை ஊதுகுழல் அம்புகளில் தடவியதனால் இப்பெயர் வந்தது. அந்நஞ்சை இவை உண்ணும் எறும்பு, சிற்றுண்ணி முதலியவற்றினின்றே பெறுகின்றன. வேறுணவு கொடுத்துப் பேழையில் வளர்ந்தவற்றிடம் நஞ்சு இல்லை.

பேழை அமைக்கும் முறை கடினமன்று. கண்ணாடித் தொட்டியின் அடியில் இரண்டு அங்குலம் கூழாங்கல் பரப்புவர். மிகுந்த நீர் அங்கே தங்கும். அதன்மேல் வலை விரித்து, தென்னை நார்த்தூளும் கரித்துண்டும் கலந்த மண்ணை இடுவர். பாசியும் பெரணியும் நட்டு, உலர்ந்த வாதா மர இலைகளைத் தூவுவர். இலையடியில் வாழும் நுண்ணிய பூச்சிகள் கழிவை உண்டு தூய்மை செய்யும். தோட்டிகளின்றி ஊர் உண்டோ? மேலே கண்ணாடி மூடி. காற்றோட்டத்திற்கு வலையிட்ட சிறு இடைவெளி. தெளிக்கும் நீர் மழைநீராயின் நன்று. எங்கள் பக்கத்தில் பல கிணறுகள் உவர்ப்பானவை. குழாய் நீரிலோ குளோரின் இருக்கும்.

இப்பேழைக்குள் நடப்பது நீங்கள் பாடத்தில் படித்த நீர்ச்சுழற்சியே. மண்ணினின்று எழும் ஆவி கண்ணாடியில் முத்து முத்தாய்ப் படிந்து, வழிந்து, மீண்டும் மண்ணைச் சேர்கிறது. இந்த வித்தையை உலகுக்கு உணர்த்தியவர் நத்தானியேல் வார்டு என்னும் லண்டன் மருத்துவர். 1829 இல் அவர் ஒரு விட்டிலின் கூட்டுப்புழுவை ஈரமண்ணுடன் புட்டியில் மூடி வைத்தார். விட்டிலுக்காகக் காத்திருந்தவர், அம்மண்ணில் தாமாகவே முளைத்த பெரணியையும் புல்லையும் கண்டார். அதன்பின் செடிகள் இத்தகைய கண்ணாடிப் பேழைகளில் கடல் கடந்து சென்றன.

அவற்றுள் ஒரு பயணம் நம் நீலகிரியைச் சார்ந்தது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவைத் தரும் சிங்கோனாச் செடிகளை, கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860 இல் பெரு நாட்டிலிருந்து வார்டின் பேழைகளில் கொணர்ந்தார். ஈரம் குறையவில்லை, ஆனால் செங்கடலின் வெம்மை செடிகளை வாட்டிற்று. உதகமண்டலம் சேர்ந்த பின் அவற்றுள் ஒன்றேனும் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு ராபர்ட் கிராஸ் கொணர்ந்த செடிகளே அங்கு வேரூன்றின.

மாணவரின் வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஈரத்தைக் காக்கும் கண்ணாடி வெப்பத்தையும் சிறைபிடிக்கிறது. இத்தவளைகளுக்கு உகந்தது 22 முதல் 27 டிகிரி வரை. 30 டிகிரியைக் கடந்து நீடித்தால் உயிருக்கே ஆபத்து. எங்கள் சித்திரை வெயிலோ 38 டிகிரியைத் தாண்டுவதுண்டு. நனைந்த துணியைப் போர்த்தினால் குளிராதா என்று கேட்கலாம். பானை நீர் குளிர்வது காற்று உலர்ந்திருக்கும்போது. கடற்காற்று ஈரம் சுமந்து வரும் நாளில் அத்துணியினால் பெரும்பயன் இராது. குளிர்சாதன அறையில் வைக்கலாமெனில், கோடை நடுவே ஒரு பிற்பகல் மின்தடையே பேழையை உலையாக்கிவிடும்.

சட்டமும் உண்டு. இத்தவளைகளின் பன்னாட்டு வாணிகம் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டது. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அந்த உடன்படிக்கையில் அடங்கும் அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்தல் வேண்டும். மேலும், 1999 இல் பெயரிடப்பட்ட ஒரு பூஞ்சை தவளைகளின் தோலைத் தாக்கி உலகெங்கும் அவற்றை அழித்து வருகிறது. வளர்ப்புத் தவளையின் பேழை நீரைக் குளத்திலோ ஏரியிலோ கொட்டுவது அந்நோய்க்கு வழி திறப்பதாகும்.

ஆகவே அம்மாணவருக்கு நான் கூறியது இது: பேழையை அமையுங்கள், பாசியும் பெரணியும் மட்டும் வையுங்கள், நிழலில் வையுங்கள். தவளையைக் காண வேண்டின், மாரிக்காலத்தில் கிணற்றடிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் நம் மரத்தவளையைப் பாருங்கள். பேழையின்றியே வறட்சியை எதிர்க்க அதற்கு ஓர் உபாயம் தெரியும். தோலின் சுரப்பிகளிலிருந்து கசியும் கொழுப்புப் பொருளைக் கால்களால் உடலெங்கும் துடைத்துப் பூசிக்கொள்கிறது. ஈரம் போவது ஓரளவு குறைகிறது. பொறுமையாக அமர்ந்திருந்தால், முகத்தையும் முதுகையும் அது மாறி மாறித் தடவுவதை நீங்களே காணலாம். கையில் மட்டும் எடுக்க வேண்டாம்; நம் விரல்களின் உப்பும் சோப்பும் அதன் தோலுக்கு ஆகா.